பள்ளிக்கூடத்தில் ஓணான், அணில், பாம்பு: விரட்டணுமா, விட்டுடலாமா?

8 செப்டம்பர் 2024, ஒரு வாசகர் கேட்டது

"என் மகன் ஆறாம் வகுப்பு. நேற்று அவன் புத்தகப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டி விழுந்தது. உள்ளே உயிரோடு வண்டு! கேட்டால், 'டீச்சர்கிட்ட காட்டணும்' என்கிறான். வகுப்பு ஜன்னலில் புழு வளர்க்கிறார்களாம், வேப்பமரத்தடியில் ஓணானை வேடிக்கை பார்க்கிறார்களாம். படிக்க அனுப்பினால் இதுதான் பாடமா? கடித்தால், கொட்டினால் யார் பொறுப்பு? பூச்சி பொட்டுகளைப் பள்ளி வளாகத்துக்குள் விடவே கூடாது என்பது என் கருத்து. ஆசிரியர்கள் இருந்தால் பதில் சொல்லுங்கள்."

8 செப்டம்பர், இரவு

திண்டுக்கல் மாவட்டம், அய்யலூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். அதனால் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

விடுவதும் விடாததும் நம் கையில் இருந்தால்தானே? எங்கள் ஓட்டுக் கட்டடத்தில் ஓட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் அணில் கூடு. காரை உதிர்ந்த மூலை பூராவும் பல்லி. கரும்பலகைக்குப் பின்னால் குளவியின் மண்கூடு. சத்துணவுக் கூடத்தில் விறகைப் புரட்டினால் தேள். கைகழுவும் தொட்டியைச் சுற்றித் தவளை, அதைத் தேடிச் சாரை. பிள்ளைகள் காலை ஒன்பது மணிக்கு வந்து சாயந்தரம் போய்விடுகிறார்கள். இவை இருபத்து நாலு மணி நேரமும் அங்கேயே இருக்கின்றன.

பிள்ளைகளின் கண்ணை மூட முடியாது. மூடினாலும் கை சும்மா இருக்காது. யாரும் எதுவும் சொல்லாத பிள்ளை ஓணானைக் கல்லால் அடிக்கும், தட்டானின் வாலில் நூல் கட்டும், அணில் குஞ்சை வீட்டுக்குத் தூக்கிப் போய்ப் பால் ஊற்றிக் கொல்லும். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, எதைப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே விட வேண்டும் என்று சொல்லித்தர ஒருவர் வேண்டும். அது என் வேலை என்றுதான் நினைக்கிறேன்.

கடித்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி நியாயமானது. அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

9 செப்டம்பர்

முதலில் ஓணான். எங்கள் பக்கம் பையன்கள் தென்னை ஈர்க்கின் நுனியில் சுருக்குப் போட்டு ஓணான் பிடிப்பார்கள். பிடித்தால் அடுத்து மூக்குப்பொடி. வாயில் பொடியைத் தூவி, அது தலைசுற்றி ஆடுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஏன்டா என்றால் கதை தயாராக இருக்கும்: ராமர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரத்தைக் கொடுத்ததாம். அதனால் ஓணானை அடித்தால் புண்ணியம். அப்புறம் கழுத்து சிவந்திருந்தால் தூரத்திலிருந்தே ரத்தத்தை உறிஞ்சுகிறது என்பார்கள். அந்தச் சிவப்பு இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானுக்கு வருவது. பெண்ணைக் கவரவும் மற்ற ஆணை மிரட்டவும். நம் ரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதையெல்லாம் வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை. ஏறியது வேறு விதமாக. ஒரு மழைக்கு மறுநாள், சுற்றுச்சுவர் ஓரம் ஈரமண்ணில் ஒரு பெண் ஓணான் குழி தோண்டிக்கொண்டிருந்தது. வயிறு பக்கவாட்டில் பிதுங்கி இருந்தது. ஈர்க்கோடு வந்த பையன்களைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொன்னேன். முன்னங்காலால் மண்ணைப் பறிக்கும், நின்று மூச்சு வாங்கும், மறுபடி பறிக்கும். பின்புறத்தைக் குழிக்குள் இறக்கி வெள்ளை வெள்ளையாக முட்டையிட்டது. முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடி, மூக்கால் குத்திக் குத்தி இறுக்கியது. தலையைத் தூக்கி மண்ணில் இடிக்கும் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொள்ளும். அந்தக் கண் மூடலைப் பார்த்துத்தான் ஒரு பையன், "வலிக்குமா டீச்சர்?" என்று கேட்டான்.

மதியம் அந்த இடத்தைச் சுற்றிச் செங்கல் அடுக்கி வைத்தது அவர்களேதான். நான் சொல்லவில்லை.

12 செப்டம்பர்

அரணை பற்றிக் கேட்டவருக்கு: நக்கினால் மரணம் என்பது பொய். அரணைக்கு விஷமே கிடையாது. கடிக்க வந்து, பாதியில் மறந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும் என்ற கதையும் அப்படித்தான். அது மறக்கவில்லை, கடிக்கவே வரவில்லை. மறதிக்காரப் பிள்ளையை 'அரணை புத்தி' என்று திட்டுகிற ஆசிரியர்கள் இதைக் கவனிக்கவும்.

பல்லியும் விஷமில்லை. ஆனால் சாப்பாட்டில் பல்லி விழுந்திருந்தால் அந்தச் சாப்பாட்டைக் கொட்டத்தான் வேண்டும். அதன் தோலிலும் குடலிலும் வயிற்றைக் கெடுக்கிற கிருமிகள் இருக்கலாம். எங்கள் சத்துணவு அக்கா பாத்திரத்தை மூடாமல் ஒரு நிமிடம்கூட விடமாட்டார். அதுதான் சரி.

15 செப்டம்பர்

தீப்பெட்டிக்கு வருகிறேன். கேள்வி கேட்டவர் விவரம் தந்திருக்கிறார்: பச்சை மினுமினுப்பு, இலையோடு அடைத்திருந்தான், ஓரத்தில் அரிசி போல இரண்டு மூன்று முட்டை. சந்தேகமே இல்லை, பொன்வண்டு.

தமிழ்நாட்டில் நாற்பது வயது தாண்டிய பாதிப் பேர் இதை வளர்த்திருப்பார்கள். கொடுக்காப்புளி இலையோ வேல இலையோ போட்டு, மூடியில் ஊசியால் ஓட்டை குத்தி, காலையில் முட்டை இட்டிருக்கிறதா என்று திறந்து பார்ப்பது. நானும் அந்தக் கூட்டம்தான். அந்த முட்டையிலிருந்து குஞ்சு வந்து பார்த்தவர் யாராவது உண்டா? இருக்க வழியில்லை. பொன்வண்டின் புழு வளர்வது மண்ணுக்குள், வேரைத் தின்று. தாய் மரத்தடி மண்ணில் இடவேண்டிய முட்டையைத்தான் போக்கிடமில்லாமல் அட்டைப் பெட்டியில் இட்டுவிடுகிறது.

இன்னொன்று. புழுவாக மண்ணுக்குள் நீண்ட காலம் கிடந்துவிட்டு, மழை பெய்து மண் இளகியதும் வண்டாக வெளியே வருகிறது. வெளியே அதன் வாழ்வு சில வாரங்கள்தான். அதற்குள் இலை தின்று, துணை தேடி, முட்டையிட வேண்டும். நாம் அதைப் பெட்டியில் ஒரு வாரம் வைத்தால் அதன் வெளிச்சக் காலத்தில் பெரும்பகுதியைப் பிடுங்கிக்கொண்டோம் என்று அர்த்தம்.

வகுப்பில் இதைச் சொன்னபோது யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருத்தி, "அப்ப பாக்கவே கூடாதா டீச்சர்?" என்றாள். பார்க்கலாம். எங்கள் வகுப்பில் ஒரு ஏற்பாடு இருக்கிறது: காலையில் கொண்டுவந்தால் மதிய மணி அடிக்கும்வரை பார்க்கலாம், வரையலாம், கால்களை எண்ணலாம். மணி அடித்ததும் எடுத்த அதே மரத்தில் விட வேண்டும். அதனால் 'எங்கே எடுத்தாய்' என்று சொல்லத் தெரியாதவன் எதையும் எடுத்து வரக்கூடாது. இந்த நிபந்தனை வந்த பிறகு பிள்ளைகள் மரங்களைக் கவனிக்கிறார்கள். எந்த வேலமரம், எந்தக் கிளை, எந்தப் பக்கம் என்று சொல்கிறார்கள்.

உங்கள் மகனை அடிக்காதீர்கள். வண்டை எந்த மரத்தில் பிடித்தான் என்று கேட்டு, அவனோடு நீங்களும் போய் விட்டுவிட்டு வாருங்கள்.

22 செப்டம்பர்

பாம்பு. தவிர்க்க முடியாது, எழுதிவிடுகிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, எட்டாம் வகுப்பு அலமாரிக்குப் பின்னால் கறுப்பில் வெள்ளைப் பட்டை போட்ட பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. பெருக்க வந்த அக்கா "கட்டுவிரியன்!" என்று கத்தினார். பள்ளி முழுவதும் கூடிவிட்டது. பெரிய பையன் ஒருவன் கம்போடு வந்தான். வகுப்பைக் காலி செய்து, கதவைச் சாத்தி, அடியில் இருந்த இடைவெளியில் சாக்கைத் திணித்துவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டோம். அவர்கள் வந்து இடுக்கியால் பிடித்து, வெளியே காட்டினார்கள். கட்டுவிரியன் இல்லை. வெள்ளிக்கோல் வரையன். பல்லி தின்ன வரும் விஷமில்லாத பாம்பு.

இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. வெள்ளிக்கோல் வரையனுக்குப் பட்டைகள் கழுத்திலேயே தெளிவாகத் தொடங்கி வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்குத் தலைப்பக்கம் பட்டை இருக்காது அல்லது மங்கலாக இருக்கும், கீழே போகப் போகத் தெளியும், பெரும்பாலும் இரண்டிரண்டாக இணைந்திருக்கும். கட்டுவிரியனின் நடுமுதுகுச் செதில்கள் மட்டும் மற்றதைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருக்கும்.

நம் ஊரில் உயிரிழப்புக்குப் பெரும்பாலும் காரணமானவை நான்கு: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். அரசு மருத்துவமனையில் போடும் விஷமுறிவு மருந்து இந்த நான்குக்கும் சேர்த்துத் தயாரித்தது. அதற்கான விஷத்தை எடுத்துத் தருவதில் முக்கியமானவர்கள் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். அங்கிருந்து வந்த மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. செய்தி வந்த அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அதை வாசிக்க வைத்தேன். பாம்பைப் பிடிப்பவர்களுக்கு இந்த நாட்டில் இப்படி ஒரு மரியாதை உண்டு என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

23 செப்டம்பர்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "இனி பட்டையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம், நன்றி" என்று எழுதியிருக்கிறார். வேண்டாம் ஐயா. அந்த அடையாளங்கள் எல்லாம், பாம்பைப் பிடித்துப் பத்திரமாக வைத்த பிறகு பார்ப்பதற்கு. இருட்டில், அலமாரிக்குப் பின்னால், ஓடுகிற பாம்பில் எந்தப் பட்டை எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பட்டை உள்ள பாம்பு எல்லாமே கட்டுவிரியன் என்று வைத்துக்கொண்டு விலகி நில்லுங்கள்.

கடித்தால் யார் பொறுப்பு என்றவருக்கும் இங்கேயே பதில். ஒரு பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லித் தருவது: கத்தாமல் பெரியவரிடம் சொல். கடித்த இடத்தைக் கீறாதே, உறிஞ்சாதே, கயிற்றால் இறுக்கிக் கட்டாதே. கையையோ காலையோ ஆட்டாமல் வை. 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு நேராகப் போ. மந்திரிக்கப் போகாதே. கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில், தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடிக்கும். வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. விடிகாலையில் வயிற்றுவலி, கண் இமை தொங்குவது என்றுதான் தெரியவரும். இது பெற்றோருக்கே பலருக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் போய் வீட்டில் சொல்லித்தான் எங்கள் ஊரில் சில வீடுகளில் கட்டிலும் கொசுவலையும் வந்தன. கொசுவலையைப் பாய்க்கடியில் செருகிக்கொண்டு படுத்தால் பாதிப் பயம் போய்விடும்.

29 செப்டம்பர்

காலாண்டு விடுமுறை. நேரம் இருக்கிறது, அணில் பற்றி எழுதுகிறேன்.

ஓடு மாற்றும் வேலை நடந்தபோது கூடு கீழே விழுந்தது. தேங்காய் நார், பழைய துடைப்பத் துணி, யாரோ ஒரு பெண்பிள்ளையின் சிவப்பு ரிப்பன் துண்டு, பஞ்சு எல்லாம் சேர்த்து உருட்டி வைத்திருந்தது. உள்ளே மூன்று குஞ்சுகள். முடி முளைக்காத இளஞ்சிவப்புத் தோல், முதுகில் மூன்று கோடுகள் மட்டும் தோலுக்கு அடியில் நிழலாகத் தெரிந்தன. கண் திறக்கவில்லை.

உடனே ஆளுக்கு ஒரு யோசனை. பால் கொடு, இங்க் ஃபில்லரால் ஊற்று, நான் வீட்டுக்குக் கொண்டு போகிறேன் டீச்சர் என்று நாலு கை நீளுகிறது. இங்கேதான் பிள்ளைகளோடு கொஞ்சம் கடுமையாக இருக்க வேண்டியிருக்கிறது. மாட்டுப்பால் அணில் குஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாது, வயிற்றுப்போக்கு வந்து செத்துப்போகும். ஃபில்லரால் ஊற்றினால் மூச்சுக்குழலில் போய்விடும். அதற்கு முதலில் வேண்டியது சூடு. அதே கூட்டுப் பஞ்சோடு ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து, விழுந்த இடத்துக்கு மேலே, பூனைக்கு எட்டாத உயரத்தில் ஜன்னல் சட்டத்தில் கட்டினோம். வேலையாட்களை அடுத்த பக்கம் போகச் சொன்னேன். பிள்ளைகளை எதிர் வராந்தாவில் உட்கார வைத்தேன்.

தாய் வந்தது. வாலை விறைத்துக்கொண்டு கீச்சிட்டு, பெட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடியது. ஒன்றை வயிற்றுத் தோலைப் பிடித்து வாயில் கவ்வியது. குஞ்சு தானாகவே சுருண்டு தாயின் முகத்தைச் சுற்றிக் கழுத்துத்துணி போல ஒட்டிக்கொண்டது. சுவரேறி, புங்கமரத்துக்குத் தாவி, திரும்பி வந்து அடுத்தது. மூன்றாவதற்கு வர ரொம்ப நேரம் ஆனது. யாரும் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

பறவைக் குஞ்சுக்கும் இதே கதைதான். இறகு முளைத்து, தத்தித் தத்தி நிற்கும் மைனாக் குஞ்சோ கொண்டைக்குருவிக் குஞ்சோ தரையில் இருந்தால் அநேகமாக அது பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்துக் கிளையில் இருக்கும். நாய் பூனை வராமல் பார்த்துக்கொண்டால் போதும். மனிதர் தொட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாது என்பது பொதுவாக உண்மையில்லை. இறகில்லாத குஞ்சு விழுந்தால் எடுத்துக் கூட்டிலேயே வைக்கலாம்.

6 அக்டோபர்

"எங்கள் வீட்டில் ஆமை வளர்க்கிறோம், வாஸ்துவுக்கு நல்லது என்றார்கள். அதைப் பள்ளிக்குக் கொண்டுபோகலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று பாட்டிமார் சொல்லி வளர்ந்த ஊர் இது. இப்போது காசு கொடுத்து ஆமை வாங்குகிறோம்! இரண்டு நம்பிக்கையாலும் ஆமைக்கு நன்மை இல்லை.

மீன் கடையில் வாங்கியது என்கிறீர்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால் அது அமெரிக்க நாட்டுச் சிவப்புக்காது ஆமை. கடையில் இருக்கும்போது பெரிய நாணயம் அளவு, வளர்ந்தால் சாப்பாட்டுத் தட்டு அளவு. முப்பது வருடம்கூட வாழும். கண்ணாடித் தொட்டி பத்தாமல் போனதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: கோயில் தெப்பக்குளத்திலோ கண்மாயிலோ விட்டுவிட்டுக் கும்பிட்டு வருவது. அது நம் ஊர் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். உலகின் மிக மோசமான நூறு அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் இதுவும் உண்டு. தயவுசெய்து குளத்தில் விடாதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் கடைசிவரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும், சால்மோனெல்லா வரும். அமெரிக்காவில் நாலு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்க 1975-லேயே தடை போட்டதற்குச் சின்னப் பிள்ளைகளுக்கு அப்படிக் காய்ச்சல் வந்ததுதான் காரணம்.

முதுகில் மஞ்சள் நட்சத்திரம் போட்ட தரை ஆமை என்றால் கதை வேறு. அது நட்சத்திர ஆமை. நம் வறண்ட காடுகளில் வாழ்வது, கடத்தலில் அதிகம் மாட்டுவது. 2019-ல் அதன் சர்வதேச வணிகத்தை முற்றிலும் தடுத்தார்கள். வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

6 அக்டோபர், மறுபடியும்

பழைய மாணவன் ஒருவன் இதைப் படித்துவிட்டுப் போனில் படம் அனுப்பினான். தோளில் பச்சை இக்வானா. "இது வெளிநாட்டுது, கேஸ் வராதில்ல டீச்சர்?" வரும் தம்பி. வனவுயிர்ச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 2024-ல் விதிகளும் வந்துவிட்டன. சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இக்வானா அந்தப் பட்டியலில் உண்டு.

நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கும் சின்னக் குருவிகள் பெரும்பாலும் ஆஸ்திரேலிய பட்ஜி. அவை அந்தப் பட்டியலில் இல்லை.

13 அக்டோபர்

கிளி பற்றிக் கேட்காதவர் இல்லை. எழுதத் தயங்கியதற்குக் காரணம் இருக்கிறது.

சட்டம் நேரானது. பச்சைக்கிளியைக் கூண்டில் வைக்கக் கூடாது. 2023-ல் சென்னையில் ஒரு நடிகர் வீட்டில் இருந்த இரண்டு பெரிய கிளிகளுக்காக இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் போட்டார்கள். இந்த ஆண்டு ஏப்ரலில், தேர்தல் நேரத்தில், கடலூர் மாவட்டத்தில் ஜோசியக் கிளிகளை வனத்துறை பறிமுதல் செய்தது. காரணமும் நேரானது: பனைமரப் பொந்தில் இருக்கும் குஞ்சுகளை எடுக்கப் பொந்தையே வெட்டித் திறப்பார்கள். எடுத்த குஞ்சுகளில் பல சந்தைக்கு வருமுன்பே செத்துவிடும். வெட்டிய பொந்து அடுத்த பருவத்துக்கு எந்தப் பறவைக்கும் ஆகாது.

இதை வகுப்பில் சொன்ன மறுநாள், ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மேசை அருகே வந்து நின்றாள். அப்பா அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. வீட்டில் அவளும் அவள் அப்பத்தாவும் ஒரு கிளியும்தான். கிளி அப்பத்தாவை "ஏத்தா" என்று கூப்பிடுமாம். "விட்டுட்டா அது எங்க டீச்சர் போகும்? றெக்கை வெட்டியிருக்கு."

அன்று அவளிடம் நான் சட்டம் பேசவில்லை. இறகு வெட்டிய கிளியைத் திறந்துவிடுவது அதைக் காக்கைக்குப் போடுவதற்குச் சமம், அதை மட்டும் செய்யாதே என்றேன். அப்பத்தாவைப் போய்ப் பார்த்தேன். காது மந்தம். பேசினால் பதில் சொல்லும் ஜீவன் அந்த வீட்டில் பகலெல்லாம் அது ஒன்றுதான். கூண்டு கை அகலம். கிளி ஒரே இடத்தில் நின்று தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருந்தது. வருடக்கணக்கில் அடைபட்ட பறவை அப்படித்தான் ஆட்டும். நான் இரண்டு பேருக்காகவும் வருத்தப்பட்டேன். கடைசியில் அப்பத்தாவே, "இது பெருமாளுக்கு ஆகாத காரியம்னு எனக்கும் தெரியும் ஆத்தா, நீயே பேசி ஒப்படைச்சிரு" என்றார். வனத்துறை ஆள் மரியாதையாக வந்து வாங்கிப் போனார். பிள்ளை இப்போது அப்பத்தா வீட்டு முருங்கை மரத்தடியில் மண்சட்டியில் தண்ணீர் வைக்கிறாள். மைனாவும் தவிட்டுக்குருவியும் வந்து சண்டை போடுகின்றன. அப்பத்தாவுக்கு அந்தச் சத்தம் கேட்கிறதாம்.

கிளியை எடுத்தது சரிதான். ஆனால் எடுத்த கையோடு நாம் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. அந்தத் தண்ணீர்ச் சட்டியை முதல் நாளே யோசித்திருக்க வேண்டியது நாம்தான், அந்தக் குழந்தை இல்லை.

20 அக்டோபர்

மழை இறங்கிவிட்டது. மைதானத்தில் தம்பலப்பூச்சி. சிவப்பு வெல்வெட்டு. கால் எட்டு, ஆகவே பூச்சி இனமில்லை, சிலந்தி வகையறா. குஞ்சாக இருக்கும்போது ஆறு கால்தான், வெட்டுக்கிளி போன்றவற்றின் உடம்பில் ஒட்டிக்கொண்டு திரியும். ஆறாம் வகுப்பில் ஒரு பையன் எட்டு என்று அடித்துச் சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள், குனிந்து எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்கள். உள்ளங்கையில் விட்டால் காலை மடக்கிக்கொண்டு குன்றிமணி ஆகிவிடும். கொஞ்ச நேரம் ஆடாமல் இருந்தால் மறுபடி நடக்கும். பொறுமை கற்றுத்தர இதைவிட நல்ல ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

27 அக்டோபர்

ஜன்னல் புழு. வகுப்பில் நான் மனதார ஊக்குவிக்கும் ஒரே 'வளர்ப்பு' இது. எருக்கஞ்செடியில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையம் போட்ட புழு, வெந்தய வரியன் பட்டாம்பூச்சியுடையது. வலை கட்டிய கண்ணாடி ஜாடியில் விட்டு, தினமும் புது இலை போட்டு, கழிவைக் கொட்ட வேண்டும். முறை போட்டுச் செய்கிறார்கள். கூட்டுப்புழு ஆகி ஒரு வாரம் பத்து நாளில் பட்டாம்பூச்சி. சிறகு காய்ந்ததும் பறக்க விட்டுவிட வேண்டும்.

இந்த முறை ஒரு கூட்டுப்புழு பழுப்பேறிக் கறுத்தது. அதிலிருந்து பிசின் நூல் மாதிரி ஒன்று தொங்கி, அதன் வழியே வெள்ளைப் புழுக்கள் கீழே இறங்கின. சில நாளில் அவை ஈக்களாயின. முறைக்காரப் பெண் அழுதுவிட்டாள். "நான் சரியாத்தான டீச்சர் பாத்துக்கிட்டேன்?"

நீ சரியாகத்தான் பார்த்துக்கொண்டாய். அந்த ஈ, நாம் எடுத்து வருவதற்கு முன்பே தன் முட்டையை அதில் சேர்த்துவிட்டது. கரும்பலகைக்குப் பின்னால் இருந்த குளவிக்கூட்டை அன்று உடைத்துக் காட்டினேன். உள்ளே பச்சைப் புழுக்கள், உயிரோடு, அசையாமல். குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்கும் என்று நாம் கேட்ட கதைக்குப் பின்னால் இருப்பது இதுதான்: மரத்துப்போன புழு, குளவிக் குஞ்சுக்குக் கட்டிவைத்த சாப்பாடு. ஈயும் குளவியும் இல்லாவிட்டால் செடியில் இலையே மிஞ்சாது என்பதை அவர்களே பேசி முடிவுக்கு வந்தார்கள். அழுதவள் மட்டும், "இருந்தாலும் எனக்குப் பிடிக்கல" என்றாள். அதுவும் சரி. பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

9 நவம்பர்

தேவாங்கு இருக்கிற ஊரில் இருந்துகொண்டு தேவாங்கு பற்றி எழுதவில்லையே என்று ஒருவர் கோபித்துக்கொண்டார்.

எங்களைச் சுற்றியுள்ள மலைக்காடுகளைச் சேர்த்து 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவித்தார்கள். கரூர், திண்டுக்கல் இரண்டு மாவட்டத்திலுமாக 11,806 ஹெக்டேர். தேவாங்குக்கென்று இந்தியாவில் முதல் சரணாலயம். கால் கிலோ எடை, வால் கிடையாது, ராத்திரியில் மட்டும் நடமாட்டம். வேலமரத்திலும் வேலியிலும் பூச்சி பிடித்துத் தின்னும், எறும்பும் தின்னும். விவசாயிக்கு உதவி. அதன் கண்ணுக்கு மருந்துக் குணம் உண்டு, எலும்பு மாந்திரீகத்துக்கு ஆகும் என்று பிடித்துப் பிடித்தே குறைத்துவிட்டார்கள்.

எங்கள் வகுப்பில் ஒல்லியான, கண் பெரிய பையன் ஒருவனுக்குத் 'தேவாங்கு' என்றுதான் பட்டப்பெயர். ஆசிரியர்களே கூப்பிட்டிருக்கிறார்கள். வனக்காப்பாளர் ஒருவர் வந்து படம் காட்டிப் பேசிய அன்று, வகுப்பு முழுக்க அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. வனக்காப்பாளர், "யாராவது நேர்ல பாத்திருக்கீங்களா?" என்றார். இவன் எழுந்தான். தாத்தாவோடு ராத்திரிக் காவலுக்குப் போகும்போது பார்த்ததைச் சொன்னான். ஒரு கையை எடுத்து வைத்து, அது பிடித்ததா என்று பார்த்துக்கொண்டுதான் அடுத்த கையை எடுக்கும். டார்ச் அடித்தால் இரண்டு கண்ணும் கங்கு போலச் சிவக்கும். விசில் மாதிரிக் கத்தும். கத்திக் காட்டினான். வனக்காப்பாளர் கையிலிருந்த படத்தைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவை கத்து தம்பி" என்றார்.

பட்டப்பெயர் போகவில்லை. அவன் முகம் சுளிப்பது போய்விட்டது. ஆசிரியர்கள் அறையில் இனி யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன், ஒப்புக்கொண்டார்கள்.

10 நவம்பர்

எந்த வேலி, எந்த ஊர் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். சொல்லமாட்டேன். பார்க்க ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் இடத்தைப் பொதுவில் எழுதினால் காமிராக்காரருக்கு முன்னால் பிடிப்பவன் வந்துவிடுவான். வனத்துறை அனுமதியோடு, அவர்கள் ஆளோடு போங்கள். வெள்ளை டார்ச்சை முகத்துக்கு நேரே அடிக்காதீர்கள், விளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொள்ளுங்கள்.

மண்ணுளிப் பாம்பு விலை கேட்டுத் தனியாகச் செய்தி அனுப்பியவருக்கும் இங்கேயே பதில்: அதற்கு இரண்டு தலை இல்லை, மழுங்கிய வால்தான் தலை மாதிரித் தெரிகிறது. லட்சம், கோடி என்று பேசுவது மோசடி. வைத்திருந்தால் ஜெயில்.

17 நவம்பர்

திருவாரூரிலிருந்து ஓர் ஆசிரியை, பள்ளியில் எருக்கு வைத்துப் புழு வளர்க்கலாமா, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் என்று கேட்கிறார். சின்னப் பிள்ளைகள் என்றால் எருக்கு வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். எலுமிச்சையோ கறிவேப்பிலையோ வையுங்கள். எலுமிச்சைப் பட்டாம்பூச்சி தானாகத் தேடி வரும். முதலில் பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று இலையில் ஒட்டியிருக்கும், துடைத்துவிடாதீர்கள், அதுதான் புழு. வளர்ந்ததும் பச்சையாகும். மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டி ஒரு நாற்றம் விடும், பிள்ளைகள் அலறிச் சிரிப்பார்கள். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு பிள்ளைதான் தொட வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் புழு தாங்காது. கறிவேப்பிலைச் செடிக்கு மருந்து அடிக்க வேண்டாம் என்று சத்துணவுக் கூடத்திலும் சொல்லிவையுங்கள். குழம்புக்கு இலை பறிப்பவர் புழு இருக்கும் கிளையை விட்டுவிட்டுப் பறிக்கட்டும்.